‘48’ போட்ட யானைக் காசு: வெள்ளியா, செம்பா?

கேள்வி: தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். சென்ற வருடம் எங்கட பெத்தா தவறிப்போனா. அவட வெத்திலை வட்டாவோட இருந்த கொட்டப்பெட்டிக்குள்ள நாலு காசு கிடந்தது. ஒன்று தடிப்பான வெள்ளிக் காசு. ஒரு பக்கம் யானை, மற்றப் பக்கம் 48 என்ற இலக்கமும் இங்கிலீஷ் எழுத்தும். ஒன்று 1870ஆம் ஆண்டுப் பெரிய செப்புக் காசு, ஐந்து சதம். ஒன்று 1957 ஐந்து ரூபா, அதில் கொழுவி ஒட்டிய அடையாளம் இருக்கு. மற்றது வி.ஓ.சி. என்று எழுதிய சின்னச் செப்புக் காசு. அதே மாதிரி இன்னொரு வி.ஓ.சி. காசு, போன மாரியில தென்னம்பிள்ளைக்குக் கிடங்கு வெட்டேக்க தம்பி எடுத்தவன். அதில பச்சையாத் தூள் கொட்டுது. 1870 காசைத் தம்பி புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிப்போட்டான். யூடியூபில 1870 காசு ஐந்து இலட்சம் என்கிறாங்க. வீட்டுக்கு வந்த யாவாரி ஒருவர் எல்லாத்துக்குமா 40,000 ரூபா தாறன் என்கிறார். குடுக்கலாமா? மற்றதையும் மினுக்கவா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, தம்பிலுவில்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இப்போதைக்கு ஒன்றையும் விற்க வேண்டாம். இனி ஒன்றையும் மினுக்க வேண்டாம். கிடங்கில் எடுத்த காசை மற்ற நான்கோடு ஒரே பெட்டியில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். இவ்வளவும் அவசரம். மிச்சத்தை ஆறுதலாகப் பார்க்கலாம்.

உங்களுடைய கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த யானைக் காசில்தான் தங்கியிருக்கிறது. யாவாரியின் கண்ணும் அதில்தான் இருக்கும். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

1795இல் ஆங்கிலேயர் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஆட்சி கைமாறினாலும் காசுக் கணக்கு உடனே மாறவில்லை. ஒல்லாந்தர் காலத்து இறைசால், பணம், ஸ்டைவர் கணக்கே மேலும் பல வருடங்கள் ஓடியது. 4 ஸ்டைவர் ஒரு பணம், 12 பணம் ஒரு இறைசால். அதாவது 48 ஸ்டைவர் ஒரு இறைசால். இந்தக் கணக்குக்கு ஏற்றபடி ஆங்கிலேயர் இலங்கையிலேயே அடித்துவிட்ட தடித்த காசுகள்தான் யானைக் காசுகள். ஒரு முகத்தில் இடப்பக்கம் பார்த்து நிற்கும் யானை, அதன் காலடியில் ஆண்டு. மறுமுகத்தில் நடுவில் ஓர் இலக்கம், அதைச் சுற்றிச் ‘சிலோன் கவர்ன்மென்ட்’ என்ற ஆங்கில எழுத்து.

இனி வருவதுதான் பலர் தடுக்கி விழுகிற இடம். 48 என்ற அதே இலக்கம் செப்புக் காசிலும் இருக்கிறது, வெள்ளிக் காசிலும் இருக்கிறது. கருத்து மட்டும் நேர்மாறு. வெள்ளியில் 48 என்றால், இந்த ஒரு காசு 48 ஸ்டைவர் பெறும், அதாவது ஒரு முழு இறைசால். செம்பில் 48 என்றால், இப்படி 48 காசு சேர்ந்தால்தான் ஒரு இறைசால், அதாவது இது வெறும் ஒரு ஸ்டைவர். அந்த நாளில் கடையில் கொடுக்கும்போதே இரண்டுக்கும் 48 மடங்கு வித்தியாசம். வெள்ளியில் 24, 48, 96 என்று மூன்று வகை வந்தன, 1803 முதல் 1809 வரை. செம்பில் 12, 24, 48. செப்பு யானைகள் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. வெள்ளி யானைகள் அருமை. வெள்ளி என்பதாலேயே அவற்றில் பெரும் பங்கு பத்தரின் பட்டறையில் உருகிக் காப்பாகவும் கொலுசாகவும் போய்விட்டது.

ஆகவே உங்கள் காசில் 48 இருக்கிறது, யானை இருக்கிறது, பார்க்க வெள்ளியாக இருக்கிறது என்ற மூன்றும் போதாது. உள்ளே என்ன உலோகம் என்று தெரிய வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யானையின் வயிறு, முதுகின் மேடு, 48இல் உள்ள நான்கின் மேல் முனை, இந்த மூன்று இடமும் சிவப்பாகத் தெரிகின்றன. தட்டையான இடங்கள் வெள்ளையாக இருக்கின்றன. இது எனக்குப் பிடிக்காத அடையாளம். உள்ளும் புறமும் வெள்ளியான காசு கைபட்டுத் தேயும்போது மேடான இடம் இன்னும் வெளிறி மின்னும், பள்ளங்களில்தான் கறுப்பு ஏறும். இங்கே மேடுகள் மட்டும் சிவந்திருப்பதைப் பார்த்தால், செம்புக்கு மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இருந்து, தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கிறது போலிருக்கிறது. பூச்சு என்றதும் யாரோ ஏமாற்றச் செய்த வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் அரைஞாணில் கோக்கவோ, மாலையில் தொங்கவிடவோ செப்புக் காசுக்கு வெள்ளி பூசுவது வழக்கம்தான். பாதரசம் தடவினாலும் செம்பு வெள்ளை பிடிக்கும். அந்தச் சந்தேகமும் இருப்பதால், சோதிக்கிறேன் என்று யாரும் அந்தக் காசைச் சூடாக்க விடாதீர்கள். பாதரச ஆவி நஞ்சு.

ஆனாலும் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் போன் எடுக்கும் படம் எதையும் சிவப்பாகக் காட்டும். கொட்டப்பெட்டியில் கிடந்த காசில் வெற்றிலைக் கறையும் ஏறியிருக்கலாம், அதுவும் சிவப்புத்தான். தராசு பொய் சொல்லாது. அதற்கு வேண்டியது 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. நகைக்கடையில் இருக்கும், கேட்டால் நிறுத்துத் தருவார்கள். ஒரேயொரு நிபந்தனை: உரைகல்லில் உரசக் கூடாது, அரம் வைக்கக் கூடாது, திராவகச் சொட்டு விடக் கூடாது. நகைக்கு அது சரியான சோதனைதான். காசுக்கு அது ஆறாத காயம்.

செய்முறை இதுதான். முதலில் காசை உலர்ந்தபடியே நிறுத்து, கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசுத் தட்டில் தண்ணீர் நிறைந்த சிறு கிளாஸ் ஒன்றை வைத்து, பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். காசை மெல்லிய தங்கூசியில் கட்டி, கையால் தூக்கிப் பிடித்தபடி முழுவதும் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் தொடக் கூடாது, ஓரத்திலும் தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் இலக்கம், காசு விலக்கிய தண்ணீரின் நிறை. உலர்ந்த நிறையை இந்த இலக்கத்தால் பிரித்தால் வருவது காசின் அடர்த்தி. செம்பு 8.9 அளவில் வரும். பித்தளை அதிலும் குறைவு, 8.4, 8.5. காசுக்குப் பயன்படும் நல்ல வெள்ளி 10.2இலிருந்து 10.4 வரை. ஈயம் 11.3.

கணக்கில் சொன்னால், காசு 9 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியானால் தண்ணீருக்குள் 0.87 அளவில் காட்டும், செம்பானால் 1.01 அளவில். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் 0.01 தராசுக்குத் தாராளமாகத் தெரியும். பிழை வருவது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். யானையின் காலிடுக்கில் ஒரு குமிழி ஒட்டினாலும் காசு பருத்ததாகத் தராசு நினைத்துக்கொள்ளும், அடர்த்தி குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு திரவச் சோப்பு விட்டால் குமிழி நிற்காது. காசில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தாலும் விடை கொஞ்சம் குறையும். மூன்று தரம் செய்து மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம்.

கை பழக உங்களிடமே ஒரு நல்ல சாமான் இருக்கிறது. 1957 ஐந்து ரூபாவின் உலோகம் எல்லோருக்கும் தெரிந்தது, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, நிறை 28.28 கிராம். அதை முதலில் இறக்கிப் பாருங்கள். 2.73 அளவில் காட்ட வேண்டும், பிரித்தால் 10.36. தேய்மானமும் கொழுவியின் ஒட்டும் இருப்பதால் சிறிது முன்பின் இருக்கும். 10.2க்கும் 10.4க்கும் நடுவில் வந்தால் உங்கள் கை சரி. அதற்குப் பிறகு யானையை இறக்குங்கள்.

யானை 9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது செப்பு 48. உண்மையான காசாகவே இருக்கலாம், 200 வருடத்துக்கு மேல் பழையதாகவும் இருக்கலாம். ஆனால் தாராளமாகக் கிடைக்கும் வகை, அதற்கு மேல் பூச்சு வேறு. பூச்சுப் பூசிய செப்பு யானையைச் சேகரிப்பவர் பூசாத யானையை விடக் குறைத்தே வாங்குவார். பூச்சை எடுத்துவிடலாமே என்று இறங்கினால் நிலைமை இன்னும் கெடும். அப்படியே விடுங்கள். 9.3, 9.7 என்று இடையில் நின்றால் கலப்பு உலோகம், சந்தேகத்துக்குரியது.

10.2க்கு மேல் வந்தால் மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் வேலை முடியவில்லை. வெள்ளியில் போலியும் வார்க்கலாம். அந்தக் காலத்துக் காசு அச்சை வைத்துக் கையால் அடித்தது. படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது, எழுத்தில் பாதி விளிம்புக்கு வெளியே போயிருப்பது, விளிம்பில் சிறு வெடிப்பு இருப்பது எல்லாம் குறையல்ல, இயல்பு. வார்த்த போலியில் வேறு அடையாளங்கள் தெரியும். வெற்றிடத்தில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல் கரைந்த சவர்க்காரம் போல வழுக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு ஓடும், அல்லது அதை மறைக்க அரம் போட்ட தடம் இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்கி, பகல் வெளிச்சத்தில் விளிம்பை ஒரு சுற்றுப் பாருங்கள். போலிக்காரர் முகத்தில் காட்டும் கவனத்தை விளிம்பில் காட்டுவதில்லை.

ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுண்ணாம்பு மூடியிருக்கிறது. 180 வரைதான் எனக்குத் தெரிகிறது. ஆண்டு தெரிவது விலைக்கு முக்கியம், ஏனென்றால் சில ஆண்டுகள் மற்றவற்றை விடக் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் ஊசியால் தோண்டாதீர்கள். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் வாங்கி (தண்ணீர் போத்தலா என்று பார்த்து வாங்குங்கள், அசிட் போத்தல் பக்கத்திலேயே இருக்கும்), கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க விட்டு, நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி ஒரு வாரம் வையுங்கள். இளகியதை மூங்கில் பல்லுக்குத்தியின் மழுங்கிய முனையால் உருட்டி எடுக்கலாம். இளகாதது கல்லாகிப்போன சுண்ணாம்பு, அது கிடக்கட்டும். எலுமிச்சம் புளி விட்டால் ஒரு நிமிடத்தில் கரையும் என்று யாராவது சொல்வார்கள். கரையும்தான், கூடவே காசின் மேற்தோலும் போகும்.

இனித் தம்பி மினுக்கிய 1870 ஐந்து சதம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதி வீடுகளில் நல்ல காசுகள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். குத்துவிளக்கையும் வட்டாவையும் மினுக்கும் அதே அன்போடுதான் காசையும் மினுக்குகிறார்கள். புளியில் உள்ள அமிலம் செம்பின் மேல் படிந்திருக்கும் கபில நிறப் படலத்தைக் கரைக்கிறது. அந்தப் படலம் அழுக்கு அல்ல, காற்றோடு சேர்ந்து 150 வருடத்தில் செம்பு தானே போட்டுக்கொண்ட தோல். அது போனதும் உள்ளேயிருந்து வெறும் செம்பு இளஞ்சிவப்பாக வெளியே வருகிறது. சாம்பலில் உள்ள நுண்மணல் அதன் மேல் ஆயிரம் கீறல் போடுகிறது. உங்கள் படத்தில் விக்டோரியா அரசியின் கன்னத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடும் மயிர்க்கோடுகள் அதுதான். எந்தச் சேகரிப்பாளரும் காசைச் சாய்த்துப் பிடித்து முதலில் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். காசுக்குத் தரம் போடும் சர்வதேச நிறுவனங்கள் 1 முதல் 70 வரை புள்ளி கொடுக்கின்றன. மினுக்கிய காசுக்குப் புள்ளியே கொடுக்க மாட்டார்கள், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுவார்கள்.

தம்பியைப் பேசாதீர்கள், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது செய்யக்கூடியது ஒன்றே. புளியின் அமிலமும் உப்பும் எழுத்துகளின் இடுக்கில் இன்னும் இருக்கும், விட்டால் அரித்துக்கொண்டே போகும். வடித்த தண்ணீரில் நாலைந்து தரம் அலசி, பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. பிறகு காற்றுப்பட உலரவிட்டு, கடதாசி உறையில் போட்டு வைத்துவிடுங்கள். வருடங்கள் போகப்போகத் தானாகக் கறுக்கும். எண்ணெய் பூசுவதும் கந்தகம் பூசி அவசரமாகக் கறுக்க வைப்பதும் வேண்டாம். அந்தப் போலிக் கறுப்பு தெரிந்தவர் கண்ணுக்கு உடனே பிடிபடும்.

இதன் அருமை என்ன? 1870 என்பது இலங்கையின் தசமக் காசுகளில் முதன்முதல் பொறித்த ஆண்டு. ரூபாவும் சதமும் சட்டப்படி கணக்குக்கு வந்தது 1872இல். மேலே சொன்ன இறைசால் அதன் பிறகு 75 சதம் என்ற பெயராக மட்டும் நம்மவர் வாயில் கொஞ்சக் காலம் உயிரோடு இருந்தது. உங்கள் ஐந்து சதம் கிட்டத்தட்ட 18.9 கிராம் செம்பு, 34 மில்லிமீற்றர் அகலம். நடுவில் தாளிப்பனை, அதன் இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. தமிழ் எழுத்துப் பொறித்த இவ்வளவு பெரிய செப்புக் காசைக் கையில் ஏந்துவதே தனி நிறைவு. இந்தப் பெரிய ஐந்து சதம் 1890, 1891, 1892 ஆண்டுகளிலும் வந்தது. பிறகு 1909இல் நிக்கல் கலந்த சதுர ஐந்து சதம் வந்தது. ஆனால் நான்கு ஆண்டுகளில் எங்கும் கண்ணில் படுவது 1870தான். மினுக்காத, ஓரளவு தேய்ந்த ஒன்று சில ஆயிரங்களில் கைமாறும் காசு. அரசியின் தலைமயிர் இழை இழையாகத் தெரியும் அளவுக்குப் புதிதாக இருந்தால் விலை பல மடங்கு ஏறும். மினுக்கியது அதிலிருந்து நன்றாகவே இறங்கும். ஐந்து இலட்சம் என்று வீடியோவில் சொல்வது யாரோ கேட்கும் விலை. கேட்க எவ்வளவும் கேட்கலாம். யாராவது காசு எண்ணிக் கொடுத்து முடிந்த விலையைப் பாருங்கள். இணைய ஏலத் தளங்களில் ‘விற்றவை’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அங்கே உங்கள் காசைப் போன்ற தேய்மானத்தில் உள்ள பத்துக் காசின் விலையை எழுதி, மிகக் கூடிய ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

1957 ஐந்து ரூபா புத்த ஜயந்திக்காக, 2500ஆவது ஆண்டு நினைவாக வந்தது. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின என்ற இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அடித்தது 500,000. அதில் 258,000 திரும்பப் போய் உருக்கப்பட்டது. ஆக வெளியில் நின்றது 242,000. அதிலும் பின்னாளில் வெள்ளி விலை ஏறியபோதெல்லாம் பட்டறைக்குப் போனவை உண்டு. பாதிக்கு மேல் அழிந்த காசு என்றால் எவ்வளவு விலை போகும் என்று நினைப்பீர்கள். ஆனால் மிஞ்சிய தொகை, தேடுபவர்களின் தொகையை விட இன்னும் மிகப் பெரிது. அதனால் சாதாரண நிலையில் உள்ள ஒன்றின் விலை அதன் வெள்ளியை ஒட்டியே நிற்கிறது. உங்களுடையதில் கொழுவி ஒட்டிய தடம் இருப்பதால் சேகரிப்பாளர் கூடுதலாக எதுவும் தர மாட்டார். வெள்ளிக் கணக்கு இதோ: 28.28ஐ 0.925ஆல் பெருக்கினால் 26.16 கிராம் தூய வெள்ளி. அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். நகைக்கடை அதில் கொஞ்சம் கழிக்கும். அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒட்டை உருக்கி எடுத்து அரம் போட்டுச் சமன்செய்து தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள், கூடப்போவது ஒன்றுமில்லை.

வி.ஓ.சி. காசுகள் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் துட்டுகள். ஒரு முகத்தில் கம்பனியின் மூன்று எழுத்தும் பின்னிய முத்திரை, அதன் கீழ் ஆண்டு. மறுமுகத்தில் ஒல்லாந்தில் அதை அடித்த மாகாணத்தின் சின்னம். அலைக்குள்ளிருந்து எழும் சிங்கம் என்றால் சீலாந்து. பெட்டியில் இருந்தது அந்த வகை என்று படத்தில் தெரிகிறது. இவை 1726 முதல் 1794 வரை கப்பல் கப்பலாக வந்து இறங்கியவை. உங்களிடம் உள்ள ஐந்து காசிலும் வயதில் மூத்தவை இந்த இரண்டும்தான், விலையில் கடைசியும் இவைதான். பழசு என்பதும் அருமை என்பதும் ஒன்றல்ல என்று இதைப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் கிடங்கில் எடுத்த துட்டை விற்பனைப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டது தொல்பொருள். அந்தச் சட்டம் வந்த பிறகு நிலத்தில் இருந்து வெளிவரும் தொல்பொருள், வளவு யாருடையதாக இருந்தாலும், அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ சொன்னால் தொல்பொருள் திணைக்களத்துக்குப் போகும் வழியைக் காட்டுவார்கள். எடுத்த இடம், ஆழம், கூடவே ஓட்டுத் துண்டு ஏதும் கிடந்ததா என்பதை இப்போதே தம்பியிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் துட்டின் உண்மையான பெறுமதி அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. இன்னும் ஆழமாகத் தோண்டிப் பார்ப்போம் என்று மட்டும் இறங்க வேண்டாம்.

யானைக் காசையும் இந்தச் சட்டம் தொடும். 180ஆல் தொடங்கும் ஆண்டு என்பதால் அதுவும் 1815க்கு முந்தியது. பெட்டியில் வழிவழியாக வந்ததற்கும் நிலத்தில் எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் தொல்பொருள் எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. தரம் போடும் பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பி, பிளாஸ்ரிக் உறையில் தரம் போட்டு எடுத்துத் தாறன் என்று யாராவது கேட்டால், அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை உறைக்குள் வைத்துத் தபாலில் போட்டு விடலாம் என்பவரை நம்பினால் காசும் போகும், வழக்கும் வரும். உண்மையான யானைக் காசுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட விரும்பினால் கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. காசு சேர்ப்பவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம்.

பச்சைத் தூளுக்கு வருகிறேன். செம்பில் வரும் பச்சை எல்லாம் ஒன்றல்ல. கடினமாக, மினுமினுப்பாக, நகத்தால் சுரண்டினால் வராத பச்சை நல்லது, காசைக் காப்பது. வெளிர் பச்சையாகத் தூள்தூளாக உதிர்வது நோய். கடலுக்கும் களப்புக்கும் பக்கத்து மண்ணில் உப்பு அதிகம். உப்பில் உள்ள குளோரைட்டு செம்புக்குள் ஏறிவிட்டால், ஈரக்காற்றுப் படும்போதெல்லாம் உள்ளேயே அமிலம் உண்டாகிச் செம்பைத் தின்னும். தின்ற பிறகும் அந்தக் குளோரைட்டு தீராது, அடுத்த ஈரத்தில் மறுகா தொடங்கும். மாரி வந்ததும் கூடுவதும் அதனால்தான். உதிர்ந்த தூள் பக்கத்துக் காசில் பட்டால் அங்கேயும் இடம் பிடிக்கலாம். வடித்த தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் மாற்றி, சில வாரங்கள் பொறுமையாகச் செய்தால் உப்பின் ஒரு பகுதி வெளியே வரும். பிறகு நன்றாக உலர்த்தி, இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் போட்டுத் தனியே வையுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் பொட்டலமே போதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் போனால் நோய் உறங்கிவிடும். திணைக்களத்துக்கு அறிவிக்கும் வரை இவ்வளவு பாதுகாப்பு போதும், வேறு இரசாயனம் எதுவும் வேண்டாம்.

மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தனித்தனி உறையில் வையுங்கள். மிருதுவான, வாசனை வரும் பிளாஸ்ரிக் அல்பம் வாங்காதீர்கள். அதில் இருப்பது பி.வி.சி., நம் வெக்கைக்கு அது இளகி அமிலத்தைக் கக்கும், ஒன்றிரண்டு வருடத்தில் காசில் பச்சைப் பசை ஒட்டும். பொலியெஸ்ரர் தாள் வைத்த காட்போட் சட்டம்தான் நல்லது. வெள்ளிக் காசுக்குப் பக்கத்தில் றப்பர் வளையம் வேண்டாம், பத்திரிகைக் கடதாசியிலும் சுற்ற வேண்டாம். றப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தொடும்போது விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பெத்தாவின் கொட்டப்பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். காசு எப்படி வந்தது, யாரிடம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, பெட்டியோடும் வட்டாவோடும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காசு என்பதற்கு அது உதவும்.

கடைசியாக யாவாரியின் 40,000. ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாக விலை போட்டு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்பவர் பெரும்பாலும் ஒரு காசை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார். எழுதிய தாளைப் பார்த்தால் அது எது என்று உங்களுக்கே விளங்கும். யானை செப்பு என்று தராசு சொன்னால், மற்றவற்றை வைத்து 40,000 என்பது குறைந்த விலை அல்ல என்பதே என் எண்ணம். ஆனால் யானைதான் அவருடைய கணக்கு என்றால், அவரே தராசோடு வந்ததும் அந்த விலை நிற்காது. யானை வெள்ளி என்று வந்தால், அவர் சொன்ன தொகையை மறந்துவிட்டு, கொழும்பில் காசு வாங்கி விற்கும் இரண்டு பேரிடமாவது தனித்தனியே கேளுங்கள். வாங்கி விற்பவர் தன் இலாபத்தைக் கழித்துத்தான் சொல்வார், அது நியாயம். ஆனால் இரண்டு பேர் சொல்வது ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால் சந்தை அங்கேதான் இருக்கிறது. காட்டிவிட்டுத் தாறன் என்று கேட்பவர் கையில் காசைக் கொடுத்துவிடாதீர்கள், படத்தையும் நிறையையும் மட்டும் கொடுங்கள்.

எனக்கு அடுத்ததாக அனுப்ப வேண்டியது யானைக் காசின் உலர்ந்த நிறை, தண்ணீருக்குள் தராசு காட்டிய இலக்கம், குறுக்களவு மில்லிமீற்றரில். அதோடு காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், விளிம்பைச் சுற்றி எடுத்த நாலு படம். சுண்ணாம்பு இளகி ஆண்டின் கடைசி இலக்கமும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.